கிடங்கினுள் கம்பியில்லாத் தொடர்பு: ஆன்டெனா நிறுத்தும் முறை

கம்பியின் துணையின்றிச் செய்தி போக்கும் கலை நம் நாளில் வீடுதோறும் புகுந்துவிட்டது. நம் கல்லூரி விடுதியின் தாழ்வாரத்திலும் வெண்ணிறப் பெட்டியொன்று சுவரில் ஒட்டிக்கொண்டு, பச்சை விளக்கை இமைத்தவண்ணம் இருக்கின்றது. இங்குப் பயில்வோரிற் பலர் அதனை ஏறெடுத்தும் பாரார். அது வாளாவிருக்கும் நாளில் மட்டுமே நினைந்து வைவர். வீட்டிலும் விடுதியிலும் இப்பெட்டியை எங்கே மாட்டினும் வேலை ஒருவாறு நடந்துவிடும். இரும்புத் தூணும் இரும்புக் கூரையும் இரும்பு அடுக்கும் நிறைந்த ஆலைகளிலும் கிடங்குகளிலுமோ அவ்வாறன்று. ஆண்டு மாட்டும் இடமே பயனை ஆக்கவும் அழிக்கவும் வல்லது. தமிழ் பயிலும் யாம் இப்பொருளில் எழுதப் புகுந்தமை எற்றுக்கெனின், எம் தமையனார் இத்தொழிலினர். கடந்த கோடை விடுமுறையில் அவர்க்கு ஏணி பிடிக்கவும் அளவு குறிக்கவும் ஓர் ஆள் வேண்டியிருந்தமையின் உடன் சென்றோம். கண்டதையும், கண்டபின் கற்றதையும் ஈண்டு எழுதுகின்றோம்.

முதற்கண் சொற்களைப் பற்றிச் சிறிது கூறுதும். சுவரில் மாட்டும் பெட்டியைத் தொழிலாளர் ஆக்ஸஸ் பாயிண்ட் என்றும், சுருக்கி ஏ.பி. என்றும் வழங்குவர். அணுகுபுள்ளி என மொழிபெயர்ப்பாரும் உளர். ஏணியின் கீழ் நின்று அச்சொல்லைக் கூறின் மேலே இருப்பவர்க்கு விளங்காது. ஆதலின் யாமும் ஏ.பி. என்றே எழுதுவோம். கம்பிவழி வரும் செய்தியை அலையாக்கி வெளியில் விடுவதும், வெளியில் வரும் அலையை வாங்கிக் கம்பியிற் செலுத்துவதும் அதன் தொழில். அவ்வாறு விடுதற்கு வாயாகவும் வாங்குதற்குச் செவியாகவும் அமைந்த உறுப்பே ஆன்டெனா. இது இலத்தீன் மொழியில் பாய்மரத்தின் குறுக்கே கட்டும் மரத்திற்குப் பெயர். நம் கடற்கரையார் அதனைப் பருமல் என்பர். கிரேக்கர் அதனைக் கெராயா என்றனர். கொம்பு என்னும் பொருளுடைய சொல்லினின்று அது பிறந்தது. மத்தேயு சுவிசேஷத்து 5-ஆம் அதிகாரம் 18-ஆம் வசனத்தில், எழுத்தின் மிகச் சிறிய கூற்றைக் குறிக்க மூலநூல் ஆளும் சொல்லும் இக் கெராயாவே. பூச்சியின் தலையில் உள்ள உறுப்பிற்கு நம் பாடநூலார் உணர்கொம்பு எனப் பெயரிட்டமை, அறிந்தோ அறியாமலோ அக்கிரேக்க வழக்கொடு பொருந்துகின்றது. சொல்லாராய்ச்சி இத்துணையே அமையும். இனிப் பொருளுக்கு வருவோம்.

இரும்பு நிறைந்த இடத்தில் அலைக்கு என்ன நேர்கின்றது என்பதனை முதன்முதற் கண்டவர், அவ்வலையின் உண்மையை முதன்முதல் நிறுவிய ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் என்னும் ஜெர்மானியரே. 1888-ஆம் ஆண்டில் கார்ல்ஸ்ரூ நகரத்துத் தொழிற்கல்லூரியில், அவர் சுவரின்மேல் பெரியதொரு துத்தநாகத் தகட்டை நிறுத்தி, அதற்கு எதிரே அலையை எழுப்பினார். பின்னர் இடைவெளி விட்ட கம்பி வளையம் ஒன்றைக் கையிற்கொண்டு முன்னும் பின்னும் நகர்ந்து நோக்கினார். சில இடங்களில் வளையத்தின் இடைவெளியிற் பொறி பறந்தது. சில இடங்களிற் பறந்திலது. சுவரை நோக்கிச் செல்லும் அலையும் தகட்டிற் பட்டு மீளும் அலையும் ஓரிடத்தில் ஒன்றையொன்று கூட்டும். மற்றோரிடத்தில் ஒன்றையொன்று கழித்துவிடும். கழிந்த இடத்திற் பொறி இல்லை. அந்தத் தகடு ஒன்றே. இரும்புக் கிடங்கோ, எப்பக்கம் திரும்பினும் ஹெர்ட்ஸின் தகடு நிறுத்திய அறை. அன்றியும் அவ்வறையில் தகடு நிலையாக நின்றது. இங்கே சரக்கும் வண்டியும் நகருந்தோறும் தகடுகளும் நகர்கின்றன.

இக்காலத்து ஏ.பி. பேசும் அலைவரிசைகளுள் ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ் என்பது. அதன் அலைநீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். எதிரெதிரே செல்லும் இரண்டு அலைகள் கலக்குமிடத்து, நன்றாகக் கேட்கும் இடத்திற்கும் கேளா இடத்திற்கும் இடையே உள்ள தொலைவு அதில் நான்கில் ஒன்று, அஃதாவது 3 சென்டிமீட்டர். இரண்டு விரற்கடை கையை நகர்த்தினால் கேளாதது கேட்கும். கைக்கருவி பேசாதபோது அதனை உயர்த்தியும் தாழ்த்தியும் ஆட்டுகின்ற தொழிலாளரைப் பார்த்து நகைப்பவர், அவர் ஹெர்ட்ஸின் சோதனையையே செய்கின்றார் என்பதனை அறியார். 2009-ஆம் ஆண்டில் வெளிவந்த 802.11என் என்னும் நியமம் முதலாக, பல ஆன்டெனாக்களை ஒருங்கே கையாண்டு, எதிரொலித்து வரும் அலைகளையும் வெவ்வேறு ஓடையாகப் பிரித்துப் பயன்கொள்ளும் முறை வழக்கில் வந்தது. பகையாக இருந்த எதிரொலி ஓரளவு துணையாயிற்று. ஆனால் கைக்கருவியில் ஒரே ஆன்டெனா இருப்பின் இந்நலம் முழுதும் கிட்டாது.

யாம் சென்ற இடம் சென்னைக்குத் தென்மேற்கே உள்ளதொரு பெருங்கிடங்கு. கூரை 12 மீட்டர் உயரம். அதனுள் 10 மீட்டர் உயர இரும்பு அடுக்குகள் நெடுக நிற்கின்றன. அடுக்குகளின் இடையே 3 மீட்டர் அகலமும் 70 மீட்டர் நீளமும் உடைய சந்துகள் 12. குடிநீர்ப் புட்டிகளும், எண்ணெய்த் தகரங்களும், பிஸ்கட்டுப் பெட்டிகளும் அவ்வடுக்குகளில் ஏறியும் இறங்கியும் வண்ணமிருக்கும். சரக்கெடுப்பார் ஒவ்வொருவர் கையிலும் ஸ்கேனர் என்னும் கருவி உண்டு. எந்தச் சந்தில் எந்தத் தட்டில் எதனை எடுக்க வேண்டும் என்பதனை அது காட்டும். எடுத்தபின் பெட்டியின் கோட்டுக்குறியை அதற்குக் காட்டின், எடுத்தமையை ஏ.பி. வழியாகக் கணக்கிற்கு அனுப்பும். ஒருவர் ஒரு மணி நேரத்தில் எத்தனை பெட்டி எடுத்தார் என்பதும் அக்கணக்கிலேயே ஏறும். அலை செல்லாவிடின் கருவி காத்திருக்கும். கருவி காத்திருக்கும் நேரமோ ஆளின் சோம்பலாகவே கணக்கிற் பதியும். கம்பியில்லாத் தொடர்பின் குறை கணினியின் குறையாக முடியாமல், நாட்கூலி பெறும் ஒருவர்மேல் வந்து விழுவதை யாம் அங்கேதான் கண்டோம்.

ஒன்பதாம் சந்தில் வேலை செய்த பெண்மணி ஒருவர், எம் தமையனார் அளவுக்கருவியைப் பையினின்று எடுக்குமுன்னரே, “தம்பி, நடுவில் நின்றால் இது பேசாது, அந்தத் தூணுக்கு இப்பால் வந்தால் பேசும், மூன்றாம் தட்டில் தண்ணீர்ப் பெட்டி ஏற்றிய நாளில் அங்கும் பேசாது” என்று எமக்குச் சொன்னார். ஒவ்வொரு பெட்டிக்கும் சந்தின் முனைவரை நடந்து வந்து கருவியைத் தூக்கிக் காட்டிவிட்டு மீள்வது அவர்க்கு வழக்கமாகிவிட்டது. பின்னர் அளந்து பார்த்ததில் அவர் சொன்ன இடங்கள் மூன்றும் சரியாக இருந்தன. கருவி அரை நாளிற் சொன்னதை அவர் அரை நிமிடத்திற் சொல்லிவிட்டார். அளக்கப் புகுவோர் முதலில் அங்கு உழைப்பாரைக் கேட்டல் வேண்டும் என்பது அன்று எம் குறிப்பேட்டின் தலையில் எழுதப்பெற்றது.

அளவு என்றது யாதெனின், அலையின் வலிமையை டெசிபெல் கணக்கிற் கூறுவர். ஒரு மில்லிவாட்டு சுழி எனப்படும். அதற்குக் கீழ்ப்பட்டது கழித்தற் குறியொடு வரும். பத்துப் பத்தாக இறங்குந்தோறும் வலிமை பத்தில் ஒன்றாகும். தடையற்ற வெளியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை முதல் மீட்டரிலேயே 40 டெசிபெல் இழக்கும். 10 மீட்டரில் 60. 100 மீட்டரில் 80. தொலைவு இரட்டிக்குந்தோறும் 6 டெசிபெல் குறையும் என்பது மனத்திற் கொள்ளத்தக்க வாய்பாடு. இத்தொழிலினர் தடையின்றி வேலை நடக்க வேண்டும் எனக் கருதும் எல்லை கழித்தல் 67. அது ஒரு மில்லிவாட்டின் 50 இலட்சத்தில் ஒரு பங்கே. இத்துணை நுண்ணிய ஒலியைக் கேட்டுப் பொருள் உணரும் செவியை மனிதன் ஆக்கியுள்ளான் என எண்ணுங்கால் வியப்பே மிகுகின்றது. ஒன்பதாம் சந்தின் நடுவில் யாம் கண்ட அளவு கழித்தல் 82.

முன்னர் அங்கே ஏ.பி. மாட்டியவர் யார் என்பதனை யாம் எழுதவேண்டியதின்று. அவர் ஆறு பெட்டிகளைக் கூரையின் உத்தரத்திற் கட்டி, ஒவ்வொன்றிலும் நீண்ட கோல்போன்ற ஆன்டெனாக்களை நிறுத்தியிருந்தார். கிடங்கு அப்பொழுது வெறுமையாக இருந்தது. அளந்தபோது எங்கும் நன்றாகவே கேட்டது. நீர் இவ்வலையை உண்ணும். புட்டிகள் நிறைந்த அடுக்கு அதற்கு மதில் போன்றது. சரக்கு ஏறிய பின்னர் அளப்பாரில்லை. குறை கூறப்பெற்றபோது, கிடங்கின் மானேஜர் பெட்டிகளின் வலிமையை இயன்ற அளவும் உயர்த்தச் சொன்னார், உயர்த்தினர், தொல்லை பெருகிற்று. எம் தமையனாரையும் அவர் முதலிற் கேட்டது, இன்னும் வலிய பெட்டி கிடைக்குமா என்பதே.

வலிமையை உயர்த்தத் தொல்லை பெருகுவானேன்? இதுவே இக்கட்டுரையின் உயிர்நிலையாதலின் சற்றே நின்று நோக்குவோம். ஓர் ஆலயத்தின் கடைசி விசிப்பலகையில் முதியவர் ஒருவர் இருந்து, தாழ்ந்த குரலில் ஐயரிடம் ஒன்று வினவுகின்றார் எனக் கொள்க. ஒலிபெருக்கியைக் கூட்டினால் ஐயரின் சொல் முதியவர்க்கு நன்கு கேட்கும். முதியவரின் வினா ஐயர்க்குக் கேட்குமோ? ஏ.பி.க்கும் ஸ்கேனருக்கும் இடையே நடப்பது பிரசங்கம் அன்று, உரையாடல். ஒருவர் அனுப்பும் ஒவ்வொரு துண்டுச் செய்திக்கும் மற்றவர், பெற்றேன் என உடனே மறுமொழி விடுத்தல் வேண்டும். மறுமொழி வாராவிடின் அனுப்பியவர் மீண்டும் அனுப்புவார். ஏ.பி. 100 மில்லிவாட்டில் முழங்கலாம். மின்கலத்தில் இயங்கும் ஸ்கேனர் விடுவது 30 மில்லிவாட்டு அளவே. உரத்த குரலைக் கேட்ட ஸ்கேனர், அண்மையில் வேறொரு பெட்டி இருப்பினும் அதனை நாடாமல், தன் குரல் எட்டாத தொலைவில் உள்ள பெட்டியையே பற்றிக்கொண்டிருக்கும். திரையில் வலிமைக் கோடுகள் நிறைந்து தோன்றும்; வேலை நடவாது. அன்றியும் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே. ஆறு பெட்டிகள் கூரையின்கீழ் ஒன்றையொன்று தடையின்றிக் காணுமாறு நிற்கின், ஒரே சேனலில் உள்ள இரண்டும் ஒருவர் பேச மற்றவர் வாய்மூடிக் காத்திருக்கும். குரலை உயர்த்துந்தோறும் காத்திருப்பு மிகும். 5 கிகாஹெர்ட்ஸ் வரிசையிற் சேனல்கள் பல உள. அக்கிடங்கின் ஸ்கேனர்களோ பழையன, அவ்வரிசையை அறியாதன.

ஆன்டெனாவோ வலிமை போன்றதன்று. எத்திசையில் எத்துணை மடங்கு கூட்டி விடுகின்றதோ, அத்திசையினின்று அத்துணை மடங்கு கூட்டி வாங்குவது அதன் இயல்பு. நல்ல ஆன்டெனாவை உரிய இடத்தில் நிறுத்தினால் ஐயரின் குரலும் உயரும். முதியவரின் குரலும் ஐயர்க்குக் கேட்கும். ஆனால் ஆன்டெனா தானாக வலிமையை உண்டாக்குவதில்லை. ஒருபுறம் கூட்டுவதை மறுபுறத்தினின்று எடுத்தே கூட்டுகின்றது. நிமிர்த்திய கோல் ஆன்டெனாவினின்று எழும் அலையின் வடிவம் உளுந்துவடை போன்றது. கோல் வடையின் துளையில் நிற்கின்றது எனக் கொள்க. பக்கங்களில் அலை மிகும். நேர்மேலும் நேர்கீழும் அற்றுவிடும். 8 டெசிபெல் கூட்டும் என்று கடைக்காரர் புகழும் நீண்ட கோல் அவ்வடையை அழுத்தி அப்பளமாக்கியதே. அதன் அலை மேல்கீழாக ஏறத்தாழ 15 பாகையளவே விரியும். 12 மீட்டர் உயரத்தில் அதனை நிறுத்தினால், அவ்வப்பளத்தின் கீழ்விளிம்பு மனிதன் கையளவு உயரத்திற்கு இறங்குவதற்குள் 80 மீட்டர் சென்றுவிடும். கூரையிலுள்ள பல்லிகளுக்கு அன்றி, கீழே உழைப்பார்க்கு அதனால் வந்த பயன் சிறிதே.

அலையை வேண்டிய திசையிற் செலுத்தும் கருத்து நம் நாட்டாருக்குப் புதியதன்று. கல்கத்தா மாகாணக் கல்லூரியின் ஆசிரியர் ஜகதீச சந்திர போஸ், 1897-ஆம் ஆண்டில் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் தம் கருவிகளைக் காட்டியபோது, வாய் விரிந்த ஊதுகொம்பு வடிவினதோர் உறுப்பால் நுண்ணலைகளைத் திரட்டிக் காட்டினார். இன்று கிடங்குகளில் வழங்குவது பேட்ச் எனப்படும் தட்டையான பலகை. கொம்பின் வேலையை ஒருவாறு செய்வது. அதன் முன்புறம் அலை மிகும். பின்புறம் மிகக் குறையும்.

எம் தமையனார் கூரையிலிருந்த ஆறினையும் இறக்கிவிட்டு, ஒவ்வொரு சந்தின் தலைப்பிலும் ஒன்றாக, சந்தின் நீளத்தை நோக்கிப் பேட்ச் ஆன்டெனா வைக்கத் தொடங்கினார். முதலாவதனை அடுக்கின் முனைக்காலில் 3 மீட்டர் உயரத்திற் கட்டினார். மறுநாட் காலை யாம் சென்று பார்க்க, திரும்பிய போர்க்லிஃப்ட்டின் சரக்கு இடித்து அது நசுங்கிக் கிடந்தது. தவறு வண்டியோட்டியினதன்று, வண்டி திரும்பும் வழியில் வைத்தது எம் தவறே என அவர் ஒப்புக்கொண்டார். பின்னர் வழிநடையின் அப்பால் உள்ள சுவரில் 5 மீட்டர் உயரத்தில், சற்றே கீழ்நோக்கிச் சாய்த்து, 12 இடத்தும் வைத்தோம். அண்டைச் சந்துகளுக்கு ஒரே சேனல் வாராதபடி 1, 6, 11 என மாற்றி மாற்றி இட்டோம். சரக்கு நிறைந்த அடுக்குகளே இப்பொழுது சந்துக்குச் சந்து மதிலாகி, ஒரு பெட்டியின் ஒலி மற்றொன்றைத் தாக்காமற் காத்தன. தடையாக இருந்ததைக் காவலாக்கிக் கொண்டமை எமக்கு மிகவும் பிடித்தது. பெட்டியின் வலிமையை 100 மில்லிவாட்டினின்று 30-க்குக் குறைக்கக் கண்ட மானேஜர், “காசு வாங்கிக்கொண்டு குறைக்கிறீர்களே!” என்றார்.

கேபிளைப் பற்றி ஒரு சொல். ஏ.பி.யை எட்டிய அறையில் வைத்துவிட்டு ஆன்டெனாவை மட்டும் நீண்ட கேபிளால் இழுத்துச் செல்வது பலரும் செய்யும் பிழை. மெல்லிய ஆன்டெனாக் கேபிள் 10 மீட்டர் சென்றால் பத்தில் ஒன்பது பங்கு வலிமை வழியிலேயே ஒழியும். தடித்த நல்ல கேபிளிலும் அத்தொலைவில் 2 டெசிபெல் போகும். செய்தியும் மின்சாரமும் ஒருங்கே செல்லும் ஈதர்நெட் கம்பி 100 மீட்டர்வரை இழப்பின்றிப் பணி செய்யும். ஆதலின் அக்கம்பியை நீட்டி, ஏ.பி.யை ஆன்டெனாவின் அருகே வைத்து, இடையே ஒரு மீட்டர்க் கேபிளே விடுவது முறை. கூரைக்கு வெளியே நிறுத்துவதாயின் இடி தாங்கும் உறுப்பும் நிலக்கம்பியும் வேண்டும்.

மோட்டாரும் வெல்டிங்கும் எழுப்பும் பொறியே ஆலைகளில் இத்தொடர்பைக் கெடுக்கின்றது என்பார் கூற்று பெரும்பாலும் பொருந்தாது. அவ்விரைச்சல் மிகுதியும் கீழ்வரிசைகளில் உள்ளது, 2.4 கிகாஹெர்ட்ஸை எட்டுமுன் மிகத் தேய்ந்துவிடும். சிற்றுண்டிச் சாலையின் மைக்ரோவேவ் அடுப்பே அவ்வரிசையில் உண்மையான பகை, அது 2.45 கிகாஹெர்ட்ஸிற் சமைப்பது.

வேறு இரண்டிடங்களில் ஆன்டெனா நிறுத்துவது இதனினும் கவலையுடையது. ஒன்று, எரிவாயு உலவும் இடம். 2005-ஆம் ஆண்டின் இந்திய விதி, 2.4 கிகாஹெர்ட்ஸில் உரிமம் இன்றி ஆன்டெனாவின் கூட்டலும் சேர்த்து 4 வாட்டுவரை விட இசைகின்றது. ஹைட்ரஜன், அசிட்டிலீன் போன்ற வாயுக்கள் உள்ள இடத்திற்கு ஐ.இ.சி. 60079 என்னும் உலக நியமம் வகுத்த எல்லையோ 2 வாட்டு. வாயுவைப் பற்றவைக்கக் கூடியது பெட்டியின் மின்பொறி மட்டும் அன்று. அலையே அண்மையிலுள்ள இரும்பிற் பாய்ந்து பொறியெழுப்பக் கூடும். ஆகவே வானொலி விதிக்கு இணங்கிய நிறுவல் வாயு விதிக்கு மாறாக முடியலாம். ஆன்டெனாவை மட்டும் மாற்றுபவரும் கணக்கை மீளப் போடுதல் கடன். மற்றொன்று, ஆளில்லா வண்டிகளும் பாரந்தூக்கிகளும் அலைவழி ஆணை பெறும் இடம். குறித்த நேரத்துள் செய்தி வாராவிடின் பொறி தானே நின்றுவிடுமாறு அவற்றை அமைத்திருப்பர். அது நன்றே; தொடர்பு அறுந்தால் நிற்பதே உயிர்க்குக் காவல். ஆயினும் ஆன்டெனாவைத் தீய இடத்தில் வைத்தமையால் நாளொன்றுக்குப் பலமுறை பொறி நிற்குமாயின், பொறுமையிழந்தவர் எவரேனும் அக்காத்திருக்கும் நேரத்தை நீட்டிவைப்பர். பாரத்தின் கீழே நிற்பவர் அதனை அறியார்.

பன்னிரண்டாம் பெட்டி மாட்டிய மாலையில், சரக்கு நிறைந்திருக்கவே, சந்துதோறும் நடந்து அளந்தோம். ஒன்பதாம் சந்தின் நடுவில் கழித்தல் 58 வந்தது; முன்னையினும் ஏறத்தாழ 250 மடங்கு. ஏ.பி.யின் பக்கத்திலிருந்து ஸ்கேனரின் குரலை நோக்க, அதுவும் அதனையொத்தே இருந்தது. அப்பெண்மணியை நடுவில் நின்று ஒரு பெட்டியைக் காட்டச் சொன்னோம். கருவி உடனே ஒலித்தது. அவர் எம்மைப் பார்த்துச் சிரித்தார். அடுத்த பெட்டியை எடுத்தவுடன், கால் பழகிய பழக்கத்தால், சந்தின் முனையை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டார்.